மூக்கு வரை

ங்காட்டா பே படகுத்துறையில்
என் குடைக்குக் கீழே
நூறு குவாச்சாவுக்கும் உண்டு.
பத்தாயிரத்துக்குக் கேட்பவர் மாதம் ஒருவர்,
ஏரி பார்க்க வந்தவர்,
மிச்சம் எவ்வளவென்று பார்க்காமலே நடந்துவிடுவார்.
மற்றவர்க்கெல்லாம் மீன்போலக் கூறு கட்டித்தான்:
பத்து நிமிடப் பேச்சு,
ஒரு மணி நேர இணையம்,
நள்ளிரவுக்கு மேல் மலிவாய்க் கிடைக்கும்
தூக்கம் கெட்ட இணையம்.

காசில்லாதவர்க்கு மிஸ்டு கால்.
ஒருமுறை அடித்தால் படகு கிளம்பிவிட்டது.
இருமுறை என்றால் மீன் இல்லை, மாவு வாங்கி வா.
மூன்றுமுறைக்கு மேல் யாரும் எண்ணுவதில்லை,
ஓடுவார்கள்.
இதில் கம்பெனிக்கு ஒரு காசும் போகாது.
எனக்கும்தான்.

செவ்வாய்க்கிழமை தவோங்கா வந்தாள்,
உசிப்பா காயப்போட்ட கையோடு,
நகக்கண்ணில் செதில் மினுங்க.
மகள் டர்பனில் பெற்றிருக்கிறாளாம்.
படம் வந்திருக்கிறது, திறக்கவில்லை.
மூன்று நாளாய் ஒரு சாம்பல் கட்டம்,
நடுவில் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி.

"ஒரு குழந்தை இறங்க எவ்வளவு ஆகும், வேசி?"

விலைப்பட்டியலைப் பார்த்தேன். பார்ப்பதுபோலப் பார்த்தேன்.
ஐந்நூறு போதும் என்றேன்.
தப்பு என்னுடையதுதான்.

டேட்டா ஏறியதும்
வரிசையில் காத்திருந்ததெல்லாம் முந்திக்கொண்டது:
தேவாலயக் கொயர் குழுவின் பதினாறு காலை வணக்கம்,
மரமேறும் ஆட்டின் வீடியோ ஒன்று,
கேளாமலே தன்னைப் புதுப்பித்துக்கொண்ட போன்.
ஆடு முழுதாய் வந்துவிட்டது.
கொம்பு, வால், எல்லாம்.

பிறகுதான் பிள்ளை,
மேலிருந்து கீழாக,
மூட்டையை யாரோ மெல்ல அவிழ்ப்பதுபோல.
மஞ்சள் தொப்பி.
நெற்றி.
புருவமென்று சொல்லிக்கொள்ளலாம், இரண்டு நிழல்.
மூடிய கண்.
மூக்கு தொடங்கிய இடத்தில்
கம்பெனி பேசியது:
அன்பான வாடிக்கையாளரே,
உங்கள் தொகுப்பு தீர்ந்துவிட்டது.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது.
நெற்றி எங்கள் பக்கம் என்றான் படகுக்கார அட்டுபெலே,
அவளுக்குத் தூரத்து மைத்துனன்.
மூக்கைப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது,
அப்பன் வீட்டு மூக்கு பெரிசு என்றாள்
தராசுக்கார ஜெனிபா.
டர்பனுக்கு ஒருநாளும் போகாதவள்.

தவோங்கா சண்டையில் சேரவில்லை.
உதடு அசையக் கணக்குப் போட்டாள்.
ஒரு கூறு மீன், நெற்றிக்கும் கண்ணுக்கும் போயிற்று.
இன்னொரு கூறு விற்றால் வாய்வரை வரும்.
விற்றால் ராத்திரிக்குக் குழம்பில் என்ன?

"வாய்தானே பாக்கி.
எப்படியும் அழத்தான் திறக்கும்.
வெள்ளிக்கிழமை வருகிறேன்."

போனை அணைத்தால் பாதி முகமும் போய்விடுமா என்று கேட்டாள்.
போகாது என்றேன்.
நம்பவில்லை.
சிட்டெஞ்சே முனையில் முடிந்து
தண்ணீர்க் குடம் சுமப்பதுபோல நடந்தாள்.

இதையும் எழுதிவிடுகிறேன்:
அந்த நேரம் என் போனில்
நூற்றிருபது எம்பி இருந்தது.
மகனின் தேர்வுக் கேள்வித்தாள் இறக்க என்று வைத்திருந்தேன்.
ஒரு பொத்தானை அழுத்தினால் அவளுக்கும் போயிருக்கும்.
கொஞ்சம்தான் குறைந்திருக்கும்.
குடையைச் சரிசெய்வதுபோல எழுந்து நின்றேன்.

அன்று இரவு ரேடியோவில் ஒருவன்
உலகில் எங்கெங்கே இணையம் என்ன விலை என்று வாசித்தான்.
மாத வருமானத்தில் இத்தனை சதவீதம் என்றான்.
யாருடைய வருமானம்?
கேட்கலாம், நேயர்கள் அழைக்க எண் கொடுத்தான்.
நிமிடத்துக்கு இவ்வளவு என்று
அடிக்குரலில், வேகமாய்.

மறுநாள் காலை, மீன் புரட்டும் கம்பிமேடையருகே
தவோங்கா டர்பனுக்கு ஒருமுறை அடித்து நிறுத்தினாளாம்.
திரும்பி வந்தது
இரண்டு மணி.

இங்கே அதற்கு மீன் இல்லை என்று பொருள்.
அங்கே என்னவென்று
இன்னும் பேசி வைக்கவில்லை.
எடுத்துக் கேட்டிருக்கலாமே என்றேன்.
அவள் எடுத்திருந்தால்
மகளுக்கல்லவா காசு போயிருக்கும்.